ஒட்டுத் தெரிந்ததும் தெரியாததும்

ஸ்டூவர்ட் மெக்காலிஸ்டர், டாய் வாகன் ஆகிய இரு பிரிட்டிஷ் ஆவணப்படத் தொகுப்பாளர்களைச் சேர்த்துப் பேச ஒரு காரணம் ஏற்கெனவே உண்டு. மெக்காலிஸ்டரின் தொழில் வாழ்க்கையை வாகன் 1983இல் நூலாக எழுதினார். அந்நூலின் தலைப்பிலேயே அவரைக் ‘கண்ணுக்குத் தெரியாத மனிதர்’ என்றார். ஆனால் இந்த நூல் உறவைக் காட்டிலும் தொகுப்பு மேசையில் இருவருக்கும் உள்ள உறவே எனக்கு வியப்பூட்டுகிறது.

மெக்காலிஸ்டர் போர்க்காலத் திரையரங்குகளுக்குப் படம் தொகுத்தவர்; வாகன் தொலைக்காட்சிக்குத் தொகுத்தவர். முன்னவரின் மேசைக்குப் பெரும்பாலும் பேச்சில்லாத காட்சிகள் ஒரு பக்கமும், தனியே பதிவான ஓசைகள் மறுபக்கமுமாக வந்து சேர்ந்தன. பின்னவருக்கோ படமும் பேச்சும் பிரியாமல் வந்தன. இயக்குநர் ரோஜர் கிரேஃபுடன் அவர் பணியாற்றிய ‘த ஸ்பேஸ் பிட்வீன் வேர்ட்ஸ்’ (1972) தொடரில் நேர்காணல் கிடையாது. நடந்ததைத் திரும்ப நடத்திக் காட்டச் சொல்வதும் கிடையாது. குடும்பம், பள்ளி, வேலையிடம் என எங்கும் மனிதர்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். முன்னவர் இல்லாத தொடர்ச்சியை உண்டாக்க வேண்டியிருந்தது. பின்னவர் இருந்த தொடர்ச்சியைச் சுருக்க வேண்டியிருந்தது.

மெக்காலிஸ்டர் தொகுத்த ‘லிசன் டு பிரிட்டன்’ (1942) படத்தில் ஓர் இடம். ஆலை உணவகத்தில் ஃப்ளானகனும் ஆலனும் பாடுகிறார்கள். தொழிலாளர்கள் சாப்பிட்டபடியே கேட்கிறார்கள். அந்தப் பாட்டு ஓய்வதற்குள் மொசார்ட் தொடங்கிவிடுகிறது. இப்போது நாம் லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறோம். மைரா ஹெஸ் பியானோ வாசிக்கிறார், கேட்போரிடையே அரசியும் அமர்ந்திருக்கிறார். இசை அங்கேயும் நிற்கவில்லை. கூடத்தைவிட்டு டிரஃபால்கர் சதுக்கத்துக்கு வருகிறது, கடைசியில் ஆலை இரைச்சலில் அமிழ்கிறது. ஆலைக்கும் ஓவியக்கூடத்துக்கும் நடுவே விழுந்த வெட்டு அப்பட்டமாகத் தெரிகிறது. தெரிய வேண்டும் என்பதே நோக்கம்: தொலைவில் உள்ளவர்கள் ஒரே நாட்டவர் என்பதை ஒலி சொல்லிவிடுகிறது.

வாகன் தொகுத்த வகைப் படங்களில் ஒரு கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஒருவர் நெடுநேரம் பேசுகிறார். அதில் சிறு பகுதிக்கே இடமுண்டு. பேச்சு ஓடும்போதே படம் கேட்பவரின் முகத்துக்கு மாறுகிறது. அந்த முகத்தின் மறைவில் பல வாக்கியங்கள் கழன்றுவிட, பேச்சாளரிடம் திரும்பும்போது அவர் ஒரே மூச்சில் பேசியதாகத் தோன்றுகிறது. உத்தி அதேதான்: ஒலி ஓடுகிறது, படம் மாறுகிறது. மெக்காலிஸ்டர் அதைக்கொண்டு இரண்டு இடங்களைச் சேர்த்தார். வாகனின் துறை அதைக்கொண்டு இரண்டு நேரங்களைச் சேர்த்தது. அங்கே ஒட்டு பளிச்சென்று தெரிகிறது. இங்கே ஒட்டு இருந்ததாகவே தெரியவில்லை.

ஆனால் பெயர் விஷயத்தில் கணக்கு தலைகீழாகிவிட்டது. ‘லிசன் டு பிரிட்டன்’ படத்தின் பெயர்ப்பட்டியல் வரிகள் இயக்கம், தொகுப்பு இரண்டையும் ஹம்ஃப்ரி ஜென்னிங்ஸுக்கும் மெக்காலிஸ்டருக்கும் கூட்டாகவே தருகின்றன. அப்படியிருந்தும், கவிஞரும் ஓவியருமான ஜென்னிங்ஸ் பெயரிலேயே படம் நிலைத்தது. வெட்டுகளைத் துணிந்து காட்டிய மெக்காலிஸ்டர், பிரிட்டிஷ் டிரான்ஸ்போர்ட் ஃபிலிம்ஸில் தொகுத்துக்கொண்டிருந்து 1962இல் மறைந்தார். வெட்டுகளை மறைக்க வேண்டிய துறையில் இருந்தவரோ தொகுப்பின் அறத்தைப் பற்றிக் கட்டுரை கட்டுரையாக எழுதினார். ஒரு படம் ஆவணமாவது அதை நாம் எப்படிப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது என்பது வாகனின் வாதம். அப்படியானால், பார்ப்பவரின் நம்பிக்கைக்குத் தொகுப்பாளர் பொறுப்பாகிறார்.

இரண்டில் கடினமானது எது? வாகனின் வேலை என்றே நினைக்கிறேன். மெக்காலிஸ்டரிடம் கலைத்திறன் கூடுதல். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இடம் மாற்றி வைத்த ஆலைச் சங்கொலியால் எவருக்கும் கெடுதல் இல்லை. ஒருவர் எப்போதோ தலையசைத்ததை இன்னொருவரின் பேச்சுக்கு அடியில் வைத்தால், அவர் தராத சம்மதத்தைத் தந்தவராகிவிடுகிறார். கிரேஃபின் விதிகளில் இதற்கும் ஒரு காப்பு இருந்தது: ஒளிபரப்புக்கு முன் படத்தில் இருப்பவர்களே அதைப் பார்த்துத் தகவல் பிழை இருந்தால் சொல்லலாம். ஆகவே அந்த ஒட்டுகள் தாங்குகின்றனவா என்று முதலில் பார்த்தவர்களில், அன்று அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்களும் இருந்தார்கள்.