பதினைந்து ஆண்டும் நானூறு ஆண்டும்

சீன தேசத்தின் பழைய சரித்திரத்தைப் படிக்கத் தொடங்குவோர்க்கு முதலில் உண்டாவது மலைப்பே ஆகும். ஷாங், சௌ, சின், ஹான் என்று அரச வமிசங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வருகின்றன, ஓங்குகின்றன, பின்னர் ஒடுங்குகின்றன. அவை அனைத்தையும் ஒரு சிறு பேச்சில் அடக்குதல் இயலாது. ஆகவே, அடுத்தடுத்து ஆண்ட இரண்டு வமிசங்களை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். அவற்றுள் ஒன்று பதினைந்தே ஆண்டில் மாண்டது. மற்றொன்று, இடையில் ஒரு முறை முறிந்தாலும், ஏறக்குறைய நானூறு ஆண்டு நிலைத்தது. அதே மண், அதே மக்கள், பெரும்பாலும் அதே சட்டம். அப்படியிருக்க, இவ்வளவு வேற்றுமை எதனால் நேர்ந்தது?

இக்கேள்விக்குச் சீனரே மிகப் பழங்காலத்தில் ஒரு விடை கண்டனர். கி.மு. 11ஆம் நூற்றாண்டில் ஷாங் அரசனை வென்ற சௌ வமிசத்தார், தம் வெற்றிக்கு நியாயம் கூற ஒரு கொள்கையை வகுத்தனர். ஆட்சியை அளிப்பது வானம். அரசன் அறம் தவறினால், அதைப் பறித்துத் தகுந்த வேறொருவனிடம் ஒப்படைப்பதும் வானமே என்பது அக்கொள்கை. அதற்கு ‘வானத்தின் ஆணை’ என்று பெயர். வென்றவனுக்கு இது வசதியான கொள்கைதான். ஆனால் சிம்மாசனத்தில் அமர்ந்தபின் அவனுக்கே இது ஓர் எச்சரிக்கையாகவும் நின்றது. சௌ வமிசமும் நாளடைவில் வலி குன்றிற்று. கி.மு. 771இல் மேற்கிலிருந்து வந்த பகைவர் அதன் அரசனைக் கொன்றனர். தலைநகர் கிழக்கே லோயாங்கிற்குப் பெயர்ந்தது. அதன்பின் பெயரளவில் ஓர் அரசன் இருக்க, சிற்றரசுகள் பல நூற்றாண்டுகள் தமக்குள் பொருதன.

அச்சிற்றரசுகளுள் மேற்குக் கோடியில் இருந்தது சின். நாகரிகம் குறைந்த நாடு என்று மற்றவர் அதை இகழ்ந்ததுண்டு. கி.மு. 4ஆம் நூற்றாண்டின் நடுவில் ஷாங் யாங் என்னும் அமைச்சர் அந்நாட்டையே மாற்றி அமைத்தார். பிறப்பால் வந்த பெருமையை அவர் மதிக்கவில்லை. போரில் வீரம் காட்டியவனுக்கே பட்டம். மிகுதியாக விளைவித்தவனுக்கே சலுகை. குடும்பங்கள் ஐந்தைந்தாகவும் பத்துப்பத்தாகவும் பிணைக்கப்பட்டன. ஒரு வீட்டில் குற்றம் நேர்ந்து, அண்டை வீட்டார் அதை மறைத்தால் அவர்களுக்கும் தண்டனை. பின்னர் ஷாங் யாங்கே அரசனின் கோபத்துக்கு அஞ்சி ஓட நேர்ந்தது. வழியில் ஒரு சத்திரத்தை அவர் அடைந்தபோது, சான்றுச்சீட்டு இல்லாதவரைத் தங்கவைத்தால் ஷாங் யாங்கின் சட்டப்படி தனக்குத் தண்டனை வரும் என்று சத்திரக்காரன் மறுத்துவிட்டானாம். தாம் விரித்த வலையில் தாமே சிக்கினார் அவர்.

ஆயினும், அவர் இட்ட அடித்தளத்தின்மேல் சின் நாடு வளர்ந்தது. கி.மு. 246இல் 13 வயதுச் சிறுவனாக அரியணை ஏறிய செங் என்பவன், கி.மு. 230 முதல் 221க்குள் ஆறு நாடுகளையும் வென்று, ‘முதற் சக்கரவர்த்தி’ எனப் பொருள்படும் ஷி ஹுவாங் டி என்ற பட்டத்தைச் சூடிக்கொண்டான். தேசத்தை 36 மாவட்டங்களாகப் பிரித்து, பரம்பரைப் பிரபுக்களுக்குப் பதிலாகச் சம்பளம் பெறும் அதிகாரிகளை நியமித்தான். எழுத்து ஒன்றாயிற்று, நாணயம் ஒன்றாயிற்று, நிறையும் அளவும் ஒன்றாயின, வண்டி அச்சின் நீளங்கூட ஒன்றாக்கப்பட்டது. இவை சிறு காரியங்கள் அல்ல. பேச்சுமொழிகள் இடத்துக்கு இடம் வேறுபடினும் எழுதினால் யாவரும் படித்தறியக்கூடிய நிலைமை, பிற்காலச் சீன ஒற்றுமையின் ஆணிவேர் ஆயிற்று.

ஆனால், ஒரே தலைமுறைக்குள் எத்தனை சுமையை மக்கள் தாங்குவர்? வடக்கே நெடுஞ்சுவர், எங்கும் பெருவழிகள், தலைநகர் சியென்யாங்கில் அரண்மனைகள், லீ மலையருகே சக்கரவர்த்தியின் கல்லறை. கல்லறைப் பணிக்கும் அரண்மனைப் பணிக்கும் மட்டும் 7 லட்சம் பேர் ஈடுபடுத்தப்பட்டனர் என்று ஹான் காலத்துச் சரித்திராசிரியர் ஸிமா சியென் எழுதுகிறார். அத்தொகை மிகையாக இருத்தல் கூடும். ஆயினும், 1974இல் கிணறு தோண்டிய உழவர்களின் கண்ணில் பட்ட களிமண் படைவீரர் வரிசைகளைப் பார்த்தோர், வேலையின் அளவை ஐயுறமாட்டார்கள். கி.மு. 213இல் பழைய நூல்களை எரிக்குமாறு ஆணை பிறந்தது. பழமையைக் காட்டி நிகழ்காலத்தைக் குறை கூறுவோர் வாய் அடைபட்டது. அரசனுக்கு உண்மையை எடுத்துரைப்பார் இல்லை.

கி.மு. 210இல் யாத்திரையின் நடுவே சக்கரவர்த்தி மாண்டான். அமைச்சர் லீ ஸியும் அரண்மனை அதிகாரி ஜாவ் காவும் அம்மரணத்தை மறைத்தனர்; பிணவாடை தெரியாதிருக்க உப்பிட்ட மீன் ஏற்றிய வண்டியை உடன் ஓட்டினர். பொய் ஓலை ஒன்றால் மூத்த இளவரசனைத் தற்கொலை செய்துகொள்ளச் செய்து, இளையவனை அரியணையில் அமர்த்தினர். மறு ஆண்டே புரட்சி வெடித்தது.

அதன் தொடக்கத்தை ஸிமா சியென் இவ்வாறு வருணிக்கிறார்: எல்லைக் காவலுக்குச் சென்ற 900 பேர் மழையால் வழியில் தடைப்பட்டனர். காலம் தவறினால் தலை போகும் என்பது சட்டம். போனாலும் சாவு, ஓடினாலும் சாவு என்றால், எதிர்த்தே சாவோம் என்று சென் ஷெங் என்னும் கூலியாள் அவர்களைக் கிளப்பினான். இரண்டாயிரம் ஆண்டுகளாக உலகம் நம்பிவந்த கதை இது. ஆனால், 1975இல் ஹூபே மாகாணத்தில் ஷுய்ஹுடி என்னும் இடத்தில், சின் காலத்து அதிகாரி ஒருவரின் கல்லறையிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூங்கில் ஏடுகள் வெளிப்பட்டன. அவற்றுள் உள்ள சட்டம் என்ன சொல்கிறது? அரசாங்க வேலைக்குச் சில நாள் தாமதமாக வந்தால் கண்டனம். ஆறு முதல் பத்து நாளாயின் ஒரு கேடயம் அபராதம். அதற்கும் மேற்பட்டால் ஒரு கவசம். மழையால் தடைப்பட்டால் வேலையினின்றே விலக்கு! எல்லைக் காவலுக்குச் சட்டம் வேறாக இருந்திருக்கலாம். எனினும், வீழ்ந்தவனின் கதையை வென்றவனே எழுதுகிறான் என்பதை இவ்வேடுகள் நமக்கு நினைவூட்டுகின்றன. சின் ஆட்சியின் கேடு ஏட்டிலிருந்த சட்டத்தில் மட்டும் இருக்கவில்லை. ஓய்வின்றி ஏறிய சுமையும், குறையைக் கேட்கச் செவியில்லாத அரியணையும் சேர்ந்தே அதை வீழ்த்தின.

கி.மு. 206இல் தலைநகர் பணிந்தது. அதனுள் முதலில் நுழைந்த லியூ பாங், ஒரு காலத்தில் கிராமத்துச் சிற்றதிகாரியாக இருந்தவன். கொலைக்கு மரண தண்டனை, காயத்துக்கும் களவுக்கும் தக்க தண்டனை, மற்றச் சின் சட்டங்கள் யாவும் ஒழிந்தன என்று அவன் அறிவித்ததும் மக்கள் பெருமூச்சு விட்டனர். மற்றவர்கள் பொன்னையும் பட்டையும் நாடி ஓடியபோது, அவனுடைய தோழர் சியாவ் ஹே மட்டும் சின் அரசாங்கத்தின் சட்ட ஏடுகளையும் வரைபடங்களையும் குடிக்கணக்குகளையும் சேகரித்து வைத்துக்கொண்டார். கி.மு. 202இல் லியூ பாங் ஹான் சக்கரவர்த்தி ஆனபோது, அக்கணக்குகளே ஆட்சிக்கு முதலாயின. 1983-84இல் ஜாங்ஜியாஷானில் அகப்பட்ட கி.மு. 186ஆம் ஆண்டின் ஹான் சட்ட ஏடுகளைப் பார்த்தால், ஒழிந்ததாகச் சொல்லப்பட்ட சின் சட்டத்தின் பெரும்பகுதி அங்கே உயிரோடு இருப்பதைக் காணலாம்.

அப்படியானால் மாறியது எது? சுமை குறைந்தது. விளைச்சலில் பதினைந்தில் ஒரு பங்காக இருந்த நிலவரி, பின்னர் முப்பதில் ஒரு பங்காயிற்று. உறுப்பை வெட்டும் தண்டனைகள் சில கி.மு. 167இல் நீக்கப்பட்டன. கி.மு. 124இல் தலைநகர் சாங்கானில் உயர்கல்விக் கழகம் ஏற்பட்டது. கி.மு. 81இல் உப்பையும் இரும்பையும் அரசே விற்பது முறையா என்பது பற்றி, மாகாணங்களிலிருந்து வந்த கல்விமான்கள் அமைச்சரோடு எதிர்நின்று வாதிட்டனர். சின் அரண்மனையில் இத்தகைய வாதம் நடந்திருக்குமா? ஹான் மன்னர் யாவரும் பொறுமைசாலிகள் என்று சொல்வதற்கில்லை. தோற்றுச் சரணடைந்த ஒரு தளபதிக்காகப் பரிந்து பேசியதற்காக ஸிமா சியெனை ஆண்மை நீக்கும் கொடுந்தண்டனைக்கு உள்ளாக்கியவன் ஹான் சக்கரவர்த்தி ஊ டியே. ஆயினும் அவர் தம் நூலை முடித்தார். அந்நூலும் அழியாது நின்றது.

கி.பி. 2இல் எடுத்த குடிக்கணக்கு, 5 கோடியே 95 லட்சம் மக்களைக் காட்டுகிறது. அதே ஆண்டில் ஹுவாங்சி என்னும் தென்கடல் நாட்டிலிருந்து ஒரு காண்டாமிருகம் காணிக்கையாக வந்ததென்று ஹான் ஏடு குறிக்கிறது. அந்நாடு நம் காஞ்சியே என்று அறிஞர் பலர் கருதுவர்.

செழிப்பின் உள்ளேயே நோயும் வளர்ந்தது. செல்வர் நிலங்களை வளைத்தனர். வரி தாங்காத சிறு உழவன் தன் நிலத்தை விற்று, அவர்களிடமே குடியானவன் ஆனான். அவன் பெயர் வரிக்கணக்கினின்று மறைந்தது. எஞ்சியவர்மேல் சுமை ஏறிற்று. கி.பி. 9இல் அரியணையைக் கைப்பற்றிய வாங் மாங், நில விற்பனையைத் தடுக்க முயன்று தோற்றான். மஞ்சள் நதியின் பெருவெள்ளமும் பஞ்சமும் கலகமும் சேர்ந்து, கி.பி. 23இல் அவனை மாய்த்தன. கி.பி. 25இல் ஹான் வமிசம் லோயாங்கில் மீண்டும் தழைத்தது. நோய் மட்டும் தீரவில்லை. பிற்காலத்தில் சிறுவர்கள் அரியணையில் அமர்ந்தனர். தாய்வழி உறவினரும் அரண்மனை அலிகளும் அதிகாரத்துக்குப் போராடினர். கி.பி. 184இல் மஞ்சள் தலைப்பாகை அணிந்த உழவர் திரண்டெழுந்தனர். அவர்களை அடக்கச் சென்ற தளபதிகளே நாட்டைப் பங்கிட்டுக்கொண்டனர். கி.பி. 220இல் கடைசி ஹான் அரசன் முடி துறந்தான்.

இன்றும் சீன மக்களுள் பெரும்பாலோர் தம்மை ‘ஹான்’ மக்கள் என்றே அழைத்துக்கொள்கின்றனர். நாட்டை ஒன்றாக்கிய சின்னின் பெயரை அவர்கள் தமக்குச் சூட்டிக்கொள்ளவில்லை. சின் கட்டிய வீட்டில் ஹான் குடியிருந்தது என்பது உண்மையே. ஆனால், கட்டியவனைக் காட்டிலும், அவ்வீட்டில் சற்றே மூச்சுவிட இடம் தந்தவனையே மக்கள் தம் மூதாதையாக ஏற்றுக்கொண்டனர்.