சுட்டுக்கோல் பிடித்த கைகள்

பிரான்சின் மேற்கு முனையில் அட்லாண்டிக் கடலுக்குள் நீண்டு கிடக்கும் நிலம் பிரெத்தாஞ். அதன் தென்மேற்குக் கரையில் துவார்னெனே என்ற ஊர் இருக்கிறது. மத்தி மீனை நம்பிப் பிழைத்த ஊர். 1617-இல் மிஷேல் லெ நோப்லே என்ற குரு அங்கே வந்து குடியேறினார். வயது நாற்பதை எட்டியிருந்தது. பங்குப் பொறுப்போ வருமானம் தரும் பதவியோ அவருக்கு இல்லை. கிடைத்தவற்றையும் வேண்டாம் என்று மறுத்தவர். படகோட்டிகள், வலை பின்னுகிறவர்கள், கணவனைக் கடலில் இழந்த பெண்கள் ஆகியோருக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தபடி 22 வருடங்கள் அந்த ஊரிலேயே இருந்துவிட்டார்.

நான் புதுச்சேரியில் பிறந்தவள். கல்யாணமாகி பிரெத்தாஞின் கீம்பேர் நகருக்கு வந்து, மருத்துவமனையில் தாதியாக வேலை பார்த்தேன். இப்போது எங்கள் பங்கில், வளர்ந்தபின் திருமுழுக்குப் பெற வருகிறவர்களை ஆயத்தப்படுத்தும் குழுவில் இருக்கிறேன். துவார்னெனே இங்கிருந்து கூப்பிடு தூரம். பெரியவர்களுக்கு விசுவாசத்தை எப்படிச் சொல்லித்தருவது என்ற கேள்வியோடு வாரந்தோறும் உட்காருகிற எனக்கு, அந்தக் குருவும் அவருக்குப் பின்னால் வந்தவர்களும் வரலாற்றுப் பாத்திரங்கள் அல்லர், கூட வேலை செய்கிறவர்கள்.

அந்தக் காலத்து நிலைமையைச் சொல்லவேண்டும். 1563-இல் முடிந்த திரிதெந்து பொதுச்சங்கம், ஞாயிறுதோறும் மறைக்கல்வி சொல்லித்தரும்படி பங்குக்குருக்களுக்குக் கட்டளையிட்டது. கட்டளை கரை சேர வெகுகாலம் பிடித்தது. பிரெத்தாஞின் மேற்குப் பாதியில் மக்கள் பேசியது பிரெத்தோன் மொழி. பிரெஞ்சு அவர்களுக்கு அந்நியம். பூசை இலத்தீனில் நடந்தது. குழந்தையாகத் திருமுழுக்குப் பெற்று, செபங்களைக் காதால் கேட்டு மனப்பாடம் செய்து, அதன் அர்த்தம் என்ன என்று ஒருவரும் சொல்லாமலே கிழவராகிச் செத்துப்போனவர்கள் ஏராளம். எழுத்தறிந்தவர்களோ சொற்பம்.

லெ நோப்லே ஒன்றும் படிக்காத சாமியார் அல்லர். 1577-இல் புளுகெர்னோ என்ற ஊரில் வசதியான குடும்பத்தில் பிறந்து, போர்தோவிலும் ஆஜானிலும் இயேசு சபையாரிடம் படித்தவர். 1607-இல் குருவானதும் சொந்த ஊர்க் கடற்கரையில் ஒரு குடிசை போட்டுத் தனித்திருந்து தவம் செய்தார். வெசான், மோலேன் போன்ற தீவுகளுக்குப் படகேறிப் போய்ப் போதித்தார். பிரசங்கம் மட்டும் போதாது என்பதை அந்த அலைச்சலிலேயே கண்டுகொண்டார். கேட்கும்போது உருகி அழுகிறார்கள். மறுவாரம் கேட்டால் ஒன்றும் நினைவில்லை. ஆகவே சொல்வதைப் படமாக வரையவைத்தார்.

பிரெத்தோன் மொழியில் அந்தப் படங்களுக்குத் தவோலென்னு என்று பெயர். பதனிட்ட ஆட்டுத்தோலில் வரைந்து சாயம் தீட்டியவை. சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படகேறலாம். எந்த வீட்டுச் சுவரிலும் மாட்டலாம். லெ கோன்கே என்ற துறைமுகம் கடல்வரைபடம் எழுதுகிறவர்களுக்குப் பேர்போனது. அந்தக் கைத்தொழில் இங்கே பயன்பட்டது. அந்த ஊரைச் சேர்ந்த அலேன் லெஸ்தோபெக், பிரான்சுவாஸ் திரோவாதெக் என்ற பெண் ஆகியோரின் கைவண்ணம் இந்தத் தோல்களில் உண்டு. அவற்றில் 14 இன்றும் கீம்பேர் மறைமாவட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. பரலோக மந்திரத்துக்கு ஒன்று, ஐந்து தாலந்து உவமைக்கு ஒன்று, இருதயங்களுக்கு ஒன்று என்று தனித்தனிப் பொருள்.

நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பது அலைந்து திரியும் வீரனின் படம். ஜான் தெ கார்த்திஞி என்ற கார்மேல் சபைத் துறவி 16-ஆம் நூற்றாண்டில் எழுதிய கதை அது. மதியீனம் கைகாட்டிய வழியில் ஒரு வீரன் உலக இன்பத்தின் மாளிகைக்குப் போகிறான். அங்கே சேற்றில் புதைகிறான். தேவ வரப்பிரசாதம் அவனை மீட்டு, மனஸ்தாபத்தின் வழியாகப் புண்ணியத்தின் மாளிகைக்குக் கூட்டிப்போகிறது. அந்த முழுப் பயணத்தையும் ஒரே தோலில், சின்னச்சின்னக் காட்சிகளாகப் பரப்பியிருக்கிறார்கள். எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது என்று கண் தடுமாறும். அதற்குத்தான் சுட்டுக்கோல். விளக்குகிறவர் ஒரு காட்சியைக் கோலால் தொட்டு, அதைச் சொல்லி, கேள்வி கேட்டு, பதில் வாங்கி, அடுத்ததைத் தொடுவார். என்ன சொல்லவேண்டும் என்று லெ நோப்லே குறிப்பேடுகளும் எழுதிவைத்தார். ஊரார் வாயில் ஏற்கெனவே இருந்த மெட்டுகளில் பிரெத்தோன் ஞானப்பாட்டுகள் கட்டினார். பாடம் முடிந்தாலும் வலை இழுக்கும்போது பாட்டு வாயில் வரும்.

லெ நோப்லேயின் கதையில் என்னை மிகவும் தொட்டது, கோல் யார் கையில் இருந்தது என்பதுதான். குரு ஒருவர், ஊர்களோ பல. ஆகவே அவர் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவருடைய சகோதரி மர்கெரீத்தும் துவார்னெனேயின் குளோத் லெ பெல்லெக்கும் அவர்களில் முக்கியமானவர்கள். தோலைச் சுவரில் மாட்டி, கோலெடுத்து, ஆண்களும் பெண்களுமாகக் கூடியிருந்தவர்களுக்கு அவர்கள் விளக்கினார்கள். 17-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், குருப்பட்டம் இல்லாத பெண்கள், தாய்மொழியில், வளர்ந்தவர்களுக்கு விசுவாசத்தைக் கற்பித்தார்கள். எதிர்ப்பு வராமல் இருக்குமா? பெண்கள் போதிக்கலாமா என்று குருக்களே புகார் செய்தார்கள். லெ நோப்லே அவர்களுக்காக வாதாடி எழுதினார். ஆனாலும் பகை அடங்கவில்லை. 1639-இல் அவர் துவார்னெனேயை விட்டுப் போகவேண்டியதாயிற்று. லெ கோன்கேயில் கடைசிக் காலத்தைக் கழித்து 1652-இல் இறந்தார்.

அவர் துரத்தப்பட்டதற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். கண்டிப்பானவர், சமரசம் அறியாதவர். ஆனால் அந்தப் பெண்கள் கற்றுக்கொடுத்தது வீண்போகவில்லை. 1640-இல் ஜூலியன் மோனுவார் என்ற இயேசு சபைக் குரு ஊர் ஊராக மிஷன் பிரசங்கங்களைத் தொடங்கினார். லெ நோப்லே தம் வாரிசாகக் கருதியவர் அவர். கனடாவுக்குப் போகவேண்டும் என்று ஆசைப்பட்டவர், பிரெத்தோன் கற்று இங்கேயே தங்கிவிட்டார். 1659-இல் பிரெத்தோன் இலக்கணமும் அகராதியும் அச்சிட்டார். படங்களையும் பாட்டுகளையும் கையோடு கொண்டுபோனார். 1683-இல் இறக்கும்வரை 43 வருடங்கள் ஓயாத பயணம்.

மிஷன் என்பது ஊருக்கே நடக்கும் திருவிழா மாதிரி. சில வாரம் ஊரே மாறியிருக்கும். அப்புறம்? அந்தக் கேள்விக்குப் பதில் 'வான்' என்ற நகரத்தில் கிடைத்தது. இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் வகுத்த ஞான ஒடுக்கப் பயிற்சிகளை அதுவரை பெரும்பாலும் துறவிகளும் குருமாணவர்களும் சில பெருந்தனக்காரர்களும்தான் செய்துவந்தார்கள். லூயி யூதோ தெ கெர்லிவியோ என்ற முதன்மைக்குரு கட்டிய ஒரு கட்டடம், 1660-களின் தொடக்கத்தில், ஒடுக்கத்துக்கென்றே திறந்த வீடானது. நடத்தியவர் இயேசு சபையின் வென்சான் ஹூபி. குடியானவனும் வியாபாரியும் பிரபுவும் பங்குச்சாமியாரும் ஒரே கூரையின்கீழ் எட்டு நாள் தங்கினார்கள். பிரசங்கம், மௌனம், பாவசங்கீர்த்தனம், நடுவில் படங்கள். ஹூபியின் படங்கள் இருதய வடிவில் இருந்தன. பாவம் குடிகொண்ட இருதயம், மனந்திரும்பும் இருதயம், கிறிஸ்து வாழும் இருதயம் என்று வரிசையாக. அவற்றுக்கு வித்து, ஆண்ட்வெர்ப் நகரின் வீரிக்ஸ் குடும்பத்தார் செதுக்கிய இருதயச் சித்திரங்கள்.

அந்த வீட்டில் பெண்களுக்கு இடமில்லை. கத்தரீன் தெ ஃபிரான்ஷ்வில் என்ற பெண்மணி, ஆண்களுக்குக் கிடைத்தது பெண்களுக்கு ஏன் கிடைக்கக்கூடாது என்று கேட்டார். தாம் குடியிருந்த வீட்டிலேயே பெண்களைக் கூட்டினார். தடைகள் வந்தன. சொந்தப் பணத்தில் ஒரு பெரிய வீட்டைக் கட்டி 1674-இல் திறந்தார். 1689-இல் அவர் இறந்தபிறகும் அந்த வேலை நிற்கவில்லை. ஒடுக்கம் நடத்துவதையே பணியாகக்கொண்ட பெண்கள் குழுக்கள் கீம்பேர் உட்படப் பல ஊர்களில் வேரூன்றின.

கீம்பேர்க் குழுவில் ஒரு பெண்ணின் பெயரை இங்கே சொல்லியாகவேண்டும். விக்துவார் தெ சேன்-லுய்க். படம் வரையும் கை அவருடையது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் துறவு இல்லங்கள் மூடப்பட்டன. திரு இருதயப் படங்களை வரைந்து விநியோகித்தார் என்ற குற்றச்சாட்டில் அவரைப் பிடித்தார்கள். 1794 ஜூலையில், பாரிசில், பெற்றோருடன் அவரும் கில்லட்டினுக்கு இரையானார். வயது 33. இந்த ஊரில் நான் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் திரு இருதயப் படம் கொடுக்கும்போதெல்லாம் அவர் நினைவு வரும். படம் என்பது வெறும் அலங்காரம் என்று இனி யார் சொன்னாலும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

19-ஆம் நூற்றாண்டில் ஒடுக்கங்களும் படங்களும் மறுபடி தழைத்தன. இம்முறை பெரிய துணிப் படங்கள். கோல் பிடித்தவர் பெரும்பாலும் குரு. இருதயத்துக்குள் ஏழு மிருகங்கள் உட்கார்ந்திருக்கும்: அகந்தைக்கு மயில், மோகத்துக்கு ஆடு, போசனப்பிரியத்துக்குப் பன்றி, சோம்பலுக்கு ஆமை, கோபத்துக்குப் புலி, பொறாமைக்குப் பாம்பு, உலோபத்துக்குத் தேரை. வரிசை நரகத்துக்கும் மோட்சத்துக்கும் போய் முடியும். பயமுறுத்தல் கூடிப்போன காலம் அது என்பது என் எண்ணம். லெ நோப்லேயின் தோல்களில் வழி அதிகம், தண்டனை குறைவு. 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், பிரெத்தோன் மொழி வீடுகளிலிருந்து விலக விலக, படங்களும் சுருட்டி வைக்கப்பட்டன.

அந்த மிருக இருதயம் எனக்குப் புதிதல்ல. புதுச்சேரியில் எங்கள் பக்கத்து வீட்டுப் புரோட்டஸ்டண்டு அத்தையிடம் தமிழில் ஒரு சிறு புத்தகம் இருந்தது. மயிலும் பன்றியும் ஆமையும் இருதயத்துக்குள் இருக்கும். ஜெர்மனியில் யோகான்னஸ் கோஸ்னர் 1812-இல் வெளியிட்ட இருதயப் புத்தகம் பல மொழிகளுக்குப் பரவியது. அவர் நிறுவிய கோஸ்னர் மிஷனின் ஊழியர்கள் 1845-இல் ராஞ்சிக்கு வந்தார்கள். கத்தோலிக்கக் குருவாகத் தொடங்கி லுத்தரன் சபைக்குப் போன அவருக்கு முன்மாதிரியாக இருந்தது, அதற்கு முன்பே பிரெஞ்சிலிருந்து ஜெர்மனுக்கு வந்திருந்த ஒரு படப்புத்தகம். பிரெத்தாஞின் ஒடுக்க வீடுகளில் பழகிய அதே படக் குடும்பம்தான் சபை எல்லைகளைத் தாண்டி எங்கள் தெருவுக்கும் வந்திருந்தது.

2025 பாஸ்கா இரவில் பிரான்சில் 10,384 பெரியவர்கள் திருமுழுக்குப் பெற்றார்கள். கோயில்கள் காலியாகின்றன என்று பல காலமாகப் புலம்பிய நாட்டில், வளர்ந்தவர்கள் தாமாகக் கதவைத் தட்டுகிறார்கள். அவர்களை என்ன செய்வது என்று பங்குகள் திகைக்கின்றன. சொற்பொழிவு ஏற்பாடு செய்கிறோம். எங்காவது ஒரு நாள் தியானத்துக்கு அனுப்புகிறோம். பழைய கோயில்களின் ஓவியங்களைச் சுற்றிக் காட்டுகிறோம். ஒவ்வொன்றும் நல்லதே. ஆனால் தனித்தனியாக.

ஒரு தவக்காலத்தில் அலைந்து திரியும் வீரனின் பிரதியைச் சுவரில் ஒட்டி, ஒரு மரக்கோலை எங்கள் குழுவில் மீன் ஏலக்கடையில் வேலை செய்யும் இளைஞனிடம் கொடுத்தேன். "நான் என்ன சொல்ல? எனக்கு ஒன்றும் தெரியாதே" என்றான். "தெரிந்ததைச் சொல்" என்றேன். சேற்றில் புதைந்த வீரனைக் கோலால் தொட்டான். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, வீரனை வெளியே இழுக்கும் கை சேற்றுக்கு மேலே இருப்பவருடையது, அவருடைய உடையும் அழுக்காகும் அல்லவா என்று கேட்டான். மனித அவதாரத்தைப் பற்றி அந்த வருடம் எங்கள் அறையில் நடந்த மிக நல்ல பாடம் அதுதான். அடுத்த வாரம், புதிதாக வந்த ஒரு பெண்ணுக்கு அவனே அந்தப் படத்தை விளக்கினான்.

லெ நோப்லேயும் மர்கெரீத்தும் குளோத்தும் ஹூபியும் கத்தரீனும் சேர்ந்து, 1617 முதல் 1674 வரை, அறுபது வருடத்துக்குள் கட்டி எழுப்பியது இதைத்தான்: காதுக்கு விளக்கம், கண்ணுக்குப் படம், மனத்துக்குத் தனிமை, அப்புறம் கற்றவர் கையில் கோல். முதல் மூன்றையும் திருச்சபை ஏற்றுக்கொண்டது. நான்காவதற்காக ஒரு குருவை ஊரைவிட்டு அனுப்பியது. அந்த நான்காவது இல்லாமல் மற்ற மூன்றும் பெரியவர்களை வெறும் கேட்பவர்களாகவே வைத்திருக்கும். எந்தப் பங்கில் மறைக்கல்விக்குப் பெரியவர்கள் வந்தாலும், முதல் நாளே அவர்களுக்கு இருக்கை கொடுங்கள். சில வாரத்துக்குள் கோலையும் கொடுங்கள்.