மிதிவண்டி கியர் மாற்றி, கேசட் பொருத்தம்

கியர் மாற்றி, கேசட் பொருத்தம் என்பது, மிதிவண்டியின் கைப்பிடியில் உள்ள கியர் மாற்றி, பின்சக்கரத்தில் உள்ள ஒவ்வொரு பற்சக்கரத்துக்கும் நேராகச் சங்கிலியைக் கொண்டு நிறுத்த வல்லதா என்பதைக் குறிக்கும். பின்சக்கரத்தின் பற்சக்கர அடுக்கு கேசட் எனப்படுகிறது. இப்பொருத்தத்தை முடிவு செய்வது பற்களின் எண்ணிக்கை அன்று. அடுத்தடுத்த பற்சக்கரங்களுக்கு இடையிலான தொலைவே ஆகும்.

பின்னணி

தமிழ்நாட்டில் நெடுங்காலம் பரவலாக ஓடியவை, 1949-இல் சென்னையில் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் ஹெர்குலிஸ் போன்ற ஒற்றைப் பற்சக்கர மிதிவண்டிகளே. அவற்றில் இக்கேள்வி எழவில்லை. தொடக்கக்கால கியர் மிதிவண்டிகளிலும் இது பெரிய சிக்கலாக இருக்கவில்லை. அவற்றின் நெம்புகோலுக்கு நிலையான நிறுத்தங்கள் இல்லை. சங்கிலி சரியாக அமரும் வரை ஓட்டுநரே அதை நகர்த்திக்கொள்வார். 1984-இல் யப்பானின் ஷிமானோ நிறுவனம் தனது டியூரா-ஏஸ் தொகுதியில் சொடுக்கு முறையை அறிமுகப்படுத்தியது. ஒரு சொடுக்குக்கு ஒரு பற்சக்கரம் என்பது இதன் விதி. இம்முறை பரவிய பின்னரே பொருத்தம் இன்றியமையாததாயிற்று.

இயங்கும் முறை

ஒவ்வொரு சொடுக்கிலும் கியர் மாற்றி ஒரு குறிப்பிட்ட நீளத்துக்குக் கேபிளை இழுக்கிறது. சங்கிலியைப் பக்கவாட்டில் தள்ளும் டிரெய்லியர், அவ்விழுப்பைப் பெருக்கி நகர்கிறது. எனவே,

கேபிள் இழுப்பு × நகர்வு விகிதம் = பற்சக்கர இடைத்தொலைவு

ஷிமானோ 8 வேக மாற்றி ஒரு சொடுக்குக்கு ஏறத்தாழ 2.8 மி.மீ. இழுக்கிறது. அதன் டிரெய்லியரின் விகிதம் ஏறத்தாழ 1.7 ஆகும். பெருக்கினால் 4.8 மி.மீ. கிடைக்கிறது. எஸ்ராம் நிறுவனத்தின் 8 வேக மாற்றி 4.3 மி.மீ. இழுக்கிறது, அதன் டிரெய்லியரின் விகிதம் 1.1. இதன் பெருக்கமும் ஏறத்தாழ அதே அளவே. ஆகவே இரண்டும் ஒரே கேசட்டில் இயங்கும். ஆனால் ஷிமானோ மாற்றியுடன் எஸ்ராம் டிரெய்லியரை இணைத்தால் நகர்வு 3.1 மி.மீ. மட்டுமே; சங்கிலி அடுத்த பற்சக்கரத்தை எட்டாது.

இடைத்தொலைவுகள்

ஷிமானோ கேசட்டுகளில் பற்சக்கர மையங்களுக்கு இடையிலான தோராயத் தொலைவு:

* 7 வேகம்: 5.0 மி.மீ.
* 8 வேகம்: 4.8 மி.மீ.
* 9 வேகம்: 4.35 மி.மீ.
* 10 வேகம்: 3.95 மி.மீ.

8 வேக மாற்றியை 9 வேகக் கேசட்டுடன் பயன்படுத்தினால் ஒரு சொடுக்குக்கு 0.45 மி.மீ. பிழை நேரும். நான்காம் சொடுக்கில் அது 1.8 மி.மீ. ஆகிவிடும். இது ஏறத்தாழ ஒரு பற்சக்கரத்தின் தடிப்பு. மாறாக, 8 வேக மாற்றியை 7 வேகக் கேசட்டுடன் இணைத்தால் பிழை 0.2 மி.மீ. மட்டுமே. நடுப் பற்சக்கரத்தில் சரிசெய்தால் இரு முனைகளிலும் 0.6 மி.மீ. வேறுபாடே எஞ்சும், எனவே இது ஓரளவு இயங்கும்.

பற்களின் எண்ணிக்கை

தாம்பரம், மாடம்பாக்கம் போன்ற சென்னையின் தென் புறநகர்ச் சாலைகள் பெரும்பாலும் சமதளமானவை. அங்கு 11-28 பற்கள் கொண்ட கேசட் போதுமானது. அதே மிதிவண்டியில் 70 கொண்டையூசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலையில் ஏற விரும்புவோர் 11-34 கேசட்டை நாடுவர். முன்புறம் 34 பற்கள் இருப்பின், மிதியின் ஒரு சுற்றுக்குப் பின்சக்கரம் 1.21 சுற்றுக்குப் பதிலாக ஒரு சுற்றே சுழலும், மிதிப்பது எளிதாகும். வேக எண்ணிக்கை மாறாத வரை இதற்குக் கியர் மாற்றியை மாற்றத் தேவையில்லை. ஆனால் டிரெய்லியர் 34 பற்களை ஏற்குமா என்பதையும், அதன் மொத்தக் கொள்ளளவையும் பார்க்க வேண்டும். முன்புறம் 50-34 எனில் தேவைப்படும் கொள்ளளவு (50−34) + (34−11) = 39 பற்கள் ஆகும். சங்கிலியின் நீளமும் போதுமானதாக இருத்தல் வேண்டும்.

ஹப், சங்கிலி

விலை குறைந்த 6, 7 வேக மிதிவண்டிகள் பலவற்றில் இருப்பது கேசட் அன்று. மரையில் திருகிப் பொருத்தும் ஃப்ரீவீல் ஆகும். அந்த ஹப்பில் கேசட்டைப் பொருத்த இயலாது. ஷிமானோவின் 8, 9, 10 வேகக் கேசட்டுகள் பொதுவாக ஒரே அளவு ஹப்பில் அமரும். 7 வேகக் கேசட்டை அதில் பொருத்த 4.5 மி.மீ. வளையம் ஒன்று தேவை. வேகம் கூடக் கூடச் சங்கிலியின் வெளி அகலம் குறையும்: 8 வேகத்துக்கு ஏறத்தாழ 7.1 மி.மீ., 9 வேகத்துக்கு 6.6 மி.மீ.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

ஷிமானோவின் 7, 8, 9 வேக டிரெய்லியர்களின் நகர்வு விகிதம், பழைய டியூரா-ஏஸ் நீங்கலாக, ஒன்றே. எனவே 8 வேகத்திலிருந்து 9-க்கு மாறுவோர் மாற்றி, கேசட், சங்கிலி ஆகிய மூன்றை மட்டும் மாற்றினால் போதும். ஷிமானோவின் 10 வேக மலை மிதிவண்டி டிரெய்லியர்களின் விகிதம் வேறு. அவை 10 வேகச் சாலை மிதிவண்டி மாற்றிகளுடன் பொருந்தா. கேசட்டை மாற்றிய பின் டிரெய்லியரின் எல்லைத் திருகுகளைச் சரிசெய்வது கட்டாயம். தவறினால் சங்கிலி பெரிய பற்சக்கரத்தைத் தாண்டி ஆரக்கம்பிகளுக்குள் விழுந்து, ஓடும் சக்கரத்தை நிறுத்திவிடக்கூடும்.