அச்சும் சொல்லும்: பலகாரத் தட்டில் படிந்த வரலாறு

தீபாவளி நாளில் ஜொகூரில் ஒரு தமிழர் இல்லத்துப் பலகாரத் தட்டை நோக்குவோமாயின், அதில் முறுக்கும் நெய்யுருண்டையும் அச்சுமுறுக்கும் இருக்கும். அவற்றின் அருகிலேயே அன்னாசிப் பணியாரமும் மலாய்க்காரரின் பாகுலுவும் கடையில் வாங்கிய பிஸ்கட்டும் இடம்பெறும். ஒரே தட்டில் அமர்ந்திருப்பினும் இவை ஒரே வழியில் வந்தவை அல்ல. இவற்றின் பெயர்களை ஆராய்ந்தால் ஐந்நூறு ஆண்டுக் கடல்வழி வரலாறு நமக்குப் புலப்படும்.

முதலில் 'பிஸ்கட்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். இலத்தீன் மொழியில் 'பிஸ்' என்பது இருமுறை. 'கொக்துஸ்' என்பது சமைக்கப்பட்டது. ஒருமுறை சுட்ட மாவை மீண்டும் அடுப்பிலிட்டு ஈரத்தைப் போக்கினால் அது பூசணம் பூக்காமல் நெடுநாள் கெடாதிருக்கும். ஆகவே, கப்பலோட்டிகளுக்கு அது இன்றியமையாத உணவாயிற்று. போர்த்துகீசியர் மொழியில் அது 'பிஸ்கோய்த்து' எனப்பட்டது. தமிழில் பழைய தலைமுறையினர் வழங்கிய 'பிஸ்கோத்து', ஈழத்தமிழரின் 'விசுக்கோத்து' ஆகியவை அந்த ஒலியை இன்றும் காத்து வருகின்றன. பின்னர், தனித்தமிழ் ஆர்வலர் 'மாச்சில்', 'ஈரட்டி' என்னும் சொற்களை ஆக்கினர். அடுதல் என்றால் சமைத்தல்; இருமுறை அட்டது ஈரட்டி. இலத்தீனியர் கண்ட பொருளையே தமிழ் வேரிலிருந்து மீண்டும் முளைக்கச் செய்த சொல் இது.

போர்த்துகீசியர் 1511இல் மலாக்காவைக் கைப்பற்றினர். அவ்வீழ்ச்சிக்குப் பின் மலாக்கா அரச மரபினர் நிறுவிய அரசே ஜொகூர் சுல்தானகம். 1641இல் அதே ஜொகூரின் துணையோடு டச்சுக்காரர் மலாக்காவைப் போர்த்துகீசியரிடமிருந்து பறித்தனர். டச்சு மொழியில் சிறு பணியாரத்திற்குக் 'கூக்யே' என்று பெயர். அச்சொல் அமெரிக்கக் குடியேற்றங்களின் வழியே ஆங்கிலத்தில் 'குக்கி' ஆயிற்று. டச்சுக்காரர் ஆண்ட இலங்கைக் கரையோரத்தில் அதுவே சிங்களத்தில் 'கொக்கிஸ்' ஆயிற்று. நியூயார்க் கடையில் விற்கும் குக்கியும் இலங்கையில் சித்திரைப் புத்தாண்டுக்குப் பொரிக்கும் கொக்கிஸும் ஒரு தாய் வயிற்றுச் சொற்களாம்.

அந்தக் கொக்கிஸ், நம் அச்சுமுறுக்கின் உடன்பிறப்பு. இதனைக் கேரளத்தார் அச்சப்பம் என்பர். மலாய்க்காரர் குவே லோயாங், குவே ரோஸ் என்பர். 'லோயாங்' என்பது பித்தளை. அச்சு செய்யப்பட்ட உலோகமே பண்டத்தின் பெயராயிற்று. இந்நாட்டுச் சீனர் அதன் துளைகளைக் கண்டு தேன்கூட்டின் பெயரால் அழைத்தனர். சுவீடனிலும் நார்வேயிலும் மலர் வடிவ இரும்பை மாவில் தோய்த்துப் பொரிக்கும் பண்டம் உண்டு. ஆங்கு கோதுமை மாவும் பாலும். ஈங்கு அரிசி மாவும் தேங்காய்ப்பாலும். செய்முறை ஒன்றே. அச்சை முதலில் கொதிக்கும் எண்ணெயில் காய வைக்க வேண்டும். பின்பு அதன் மேல் விளிம்பு மூழ்காதவாறு மாவில் தோய்க்க வேண்டும். சூட்டினால் மாவு உடனே பற்றிக்கொள்ளும். எண்ணெயில் வெந்ததும் சற்றே உதறினால் கழன்றுவிடும். விளிம்பு மூழ்கிவிட்டால் மாவு அச்சைக் கவ்விக்கொள்ளும், கழலாது.

முறுக்கப்படுவதால் முறுக்கு என்று பெயர். அச்சுமுறுக்கையோ எவரும் முறுக்குவதில்லை. எனினும், புதிய பண்டத்தைக் கண்ட நம் முன்னோர் தம்மிடம் இருந்த இரு சொற்களை இணைத்து அதனைத் தமக்கு உரியதாக்கினர். மலாய் மொழியில் வார்ப்பைக் குறிக்கும் 'அச்சுவான்' என்னும் சொல்லின் அடியும் தமிழ் 'அச்சு' என்பதே என மொழி ஆய்வாளர் காட்டுவர். கொண்டதோடு கொடுத்ததும் நம் மொழிக்கு உண்டு.

ஆலைப் பண்டங்களின் காலம் பிறகு வந்தது. மேரி பிஸ்கட் 1874இல் இலண்டனில் ஓர் உருசிய இளவரசியின் திருமணத்தையொட்டி அவர் பெயரால் பிறந்தது; கிரீம் கிராக்கர் 1885இல் டப்ளினில் தோன்றியது. கல்கத்தாவில் 1892இல் பிரிட்டானியா தொடங்கப்பெற்றது. நம் ஜொகூரின் பத்து பகாட் நகரில் 1958இல் ஹப் செங் பிறந்தது. அயர்லாந்தில் தோன்றிய கிரீம் கிராக்கர், சீனர் நடத்திய ஆலையில் உருவாகி, தோட்டப்புறத் தமிழரின் காலைத் தேநீருக்குத் துணையாயிற்று. காலியான பிஸ்கட் டின், தீபாவளிக்கு முறுக்கு நிறைக்கும் கலமாயிற்று.

இவ்வாறு பண்டங்கள் கலப்பதால் நமக்கு இழப்பில்லை. பிஸ்கட் என்று சொல்வதாலும் தமிழ் தேய்ந்துவிடாது. நாம் கவலை கொள்ள வேண்டியது வேறொன்று. நம் மாணவர் பலர் அச்சுமுறுக்கை இன்று 'ஹனிகோம்' என்றும் 'ரோஸ் குக்கி' என்றும் அழைக்கின்றனர். இல்லாத சொல்லைக் கடன் வாங்குவது வேறு. இருக்கும் சொல்லைக் கைவிடுவது வேறு. பண்டம் கடையிலிருந்து பொட்டலமாக வரும்போது, அதைச் செய்யும் வினைகளோடு வினைச்சொற்களும் வீட்டை விட்டு வெளியேறுகின்றன. பிழிதல், தோய்த்தல், உதறுதல், பதம் பார்த்தல், முறுகல் என்பனவற்றை அகராதியில் மட்டும் கற்கும் மாணவனுக்கு அவற்றின் நுண்பொருள் விளங்காது.

ஆதலின், ஆசிரியப் பெருமக்களிடம் நாம் வேண்டுவது ஒன்று. தீபாவளிக்கு முந்திய வாரத்தில் மாணவர்கள் தத்தம் வீட்டு முதியோரிடம் கேட்டு, ஒரு பலகாரத்தின் பெயர், கருவிகள், செய்முறை வினைகள் ஆகியவற்றை அவர் சொன்னவாறே எழுதி வரட்டும். குளுவாங்கிலும் சிகாமட்டிலும் மூவாரிலும் வழங்கும் சொற்கள் வேறுபட்டால், அவ்வேறுபாட்டையும் குறிக்கட்டும். அவ்வேடுகளைப் பள்ளி நூலகத்தில் ஆண்டுதோறும் சேர்த்து வைப்போம். அச்சைப் பிடித்த கைகள் நம்மிடையே இருக்கும்போதே இப்பணியைத் தொடங்குதல் வேண்டும்.