பேட்மேனின் பதினோராவது விரல்

சின்ன வயசுல லயன் காமிக்ஸ் படிச்ச யாரையாவது பிடிச்சு, "ஸ்பைடர் கதையெல்லாம் எழுதினது யாருப்பா?"ன்னு கேட்டுப் பாருங்க. ஹெலிகாரைப் பத்தி அரை மணி நேரம் பேசுவாங்க. எழுதினவர் பேரு? ம்ஹூம். நானும் அதே கேஸ்தான். கதைன்னு ஒண்ணு இருந்தா அதை எழுதின ஆள்னு ஒருத்தர் இருப்பார்ங்கிற யோசனையே அப்ப வந்ததில்லை. புத்தகம் கைக்கு வந்ததா, படிச்சோமா, அடுத்தவன்கிட்ட கொடுத்து வேற புத்தகம் மாத்தினோமா... அவ்ளோதான். (ஸ்பைடருக்கான விடை பதிவோட கடைசியில. இப்பவே கீழே ஓடிப் பார்க்கிறவங்க ரத்தம் கக்கிச் சாவீங்க :-))

இந்த மறதி நமக்கு மட்டும் இருக்கிற வியாதி இல்லை. சூப்பர் ஹீரோ காமிக்ஸ் பிறந்த அமெரிக்காவுலயே 1940களில் பெரும்பாலான கதைகளில் எழுத்தாளர் பேரு இருக்காது. பக்கத்துக்கு இத்தனை டாலர்னு கணக்குப் பார்த்துக் கொடுப்பாங்க, அத்தோட முடிஞ்சது. கதை கம்பெனிக்குச் சொந்தம். பேட்மேன் கொஞ்சம் வித்தியாசம். அதுல பேரு இருந்தது. பாப் கேன்னு ஒரே ஒரு பேரு. முதல் பேட்மேன் கதையை எழுதின ஆளோட பேரு அங்கே வந்து சேர 76 வருஷம் ஆச்சு. அவர்தான் பில் ஃபிங்கர். அந்தப் பேரை அழியாமக் காப்பாத்தினதுல பெரும் பங்கு ரசிகர்களுக்குத்தான்.

ஃபிங்கர் 1914ல டென்வரில் பிறந்து, நியூயார்க்கில் பிராங்ஸ் பக்கம் வளர்ந்தவர். எழுத ஆசை. வயித்துப் பிழைப்புக்கு செருப்புக் கடையில விற்பனையாளர். ஒரு பார்ட்டியில ஓவியர் பாப் கேன் பழக்கமானார். 1938ல இருந்து கேனுக்கு கதை எழுதிக் கொடுக்க ஆரம்பிச்சார்.

அதே 1938லதான் சூப்பர்மேன் வந்து சக்கைப்போடு போட்டது. இன்னொரு சூப்பர் ஹீரோ வேணும்னு பதிப்பாளர்கள் அலைஞ்சாங்க. கேன் ஒரு படம் வரைஞ்சார். பேரு பேட்மேன். ஆனா அது நமக்குத் தெரிஞ்ச பேட்மேன் இல்லை. சிவப்பு உடுப்பு, கண்ணை மட்டும் மறைக்கிற குட்டி முகமூடி, முதுகுல விறைப்பா ரெண்டு இறக்கை. ஃபிங்கர்கிட்ட காட்டினார். அவர் ஒவ்வொண்ணா மாத்தச் சொன்னார்: தலையை மூடுற மாதிரி வௌவால் காது வெச்ச முகமூடி, கண்மணி தெரியாத வெள்ளைக் கண், இறக்கைக்குப் பதிலா பறக்கிற அங்கி, கையுறை, சிவப்புக்குப் பதில் சாம்பல் நிறம். இதெல்லாம் ஃபிங்கர் சொன்னதுன்னு கேனே பிற்காலத்தில் தன்னோட சுயசரிதையில் ஒத்துக்கிட்டார். அப்புறம் மிச்சம் என்ன இருக்கு? பேரும் இறக்கையும். இறக்கையும் போச்சு :-)

1939 மே மாத டிடெக்டிவ் காமிக்ஸ் 27ஆம் இதழில் பேட்மேன் அறிமுகம். கதை ஃபிங்கர். புரூஸ் வேய்ன்ங்கிற பேரு அவர் வெச்சது. ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸையும் அமெரிக்கப் படைத் தளபதி ஆன்டனி வேய்னையும் சேர்த்துப் போட்ட முடிச்சு. கோத்தம் நகரமும் அவர் வெச்ச பேருதான். டெலிபோன் டைரக்டரியைப் புரட்டும்போது ஒரு நகைக்கடைப் பேருல பார்த்துப் பிடிச்சதாம். ஹோம்ஸுக்கு வாட்சன் மாதிரி பேட்மேனுக்குப் பேச்சுத்துணைக்கு ஆள் வேணும்னு அவர் நினைச்சதுக்கும், 1940ல ராபின் வந்ததுக்கும் சம்பந்தம் உண்டு. ஜோக்கர் யாரு கண்டுபிடிப்புங்கிறதுல மட்டும் மூணு பேருக்குள்ள கடைசி வரைக்கும் வழக்கு. அது தனிப் பதிவுக்கு ஆகும். இது போக, 1940ல மார்ட்டின் நோடலோட சேர்ந்து முதல் கிரீன் லாண்டர்ன்.

அப்புறம் ஏன் பேரு வரலை? கம்பெனியோட ஒப்பந்தம் பேசினது கேன் மட்டும். ஃபிங்கர் அப்ப கேன்கிட்ட சம்பளத்துக்கு எழுதின ஆள். அவர் சண்டை போடுற ரகமும் இல்லை. நோட்டுப் புத்தகத்துல விநோதமான யோசனைகளா குறிச்சு வெச்சுக்கிட்டு, ஒவ்வொரு கதையையும் இழைச்சு இழைச்சு எழுதுவார். கெடுவுக்குள்ள கதை வராதுங்கிற கெட்ட பேரும் இருந்தது. இப்படிப்பட்ட ஆளுங்க எந்த ஆபீஸ்லயும் மேல வர்றதில்லை, நீங்களும் பார்த்திருப்பீங்க.

இப்ப ரசிகர்கள் பக்கம் வருவோம்.

டெட்ராய்ட்டில் வேய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஜெர்ரி பெய்ல்ஸ்னு ஒரு அறிவியல் பேராசிரியர். (ஆமாங்க, அதுவும் அதே ஆன்டனி வேய்ன் வழியா வந்த பேருதான்.) அவருக்கு சின்ன வயசு காமிக்ஸ் மேல தீராத பித்து. யாரு எழுதினது, யாரு வரைஞ்சதுன்னு தேடித்தேடி அந்த எழுத்தாளர்களுக்கே கடிதம் போடுவார். ஃப்ளாஷ், ஹாக்மேன் எல்லாம் எழுதின கார்ட்னர் ஃபாக்ஸ் பதில் போட்டார். தன்கிட்ட இருந்த பழைய காமிக்ஸ் பைண்டு வால்யூம்களையே பெய்ல்ஸுக்கு விற்றார். 1960ல ராய் தாமஸ்ங்கிற இன்னொரு பித்தரை பெய்ல்ஸோட கோத்துவிட்டதும் அதே ஃபாக்ஸ்தான். 1961ல ரெண்டு விஷயம் நடந்தது. பெய்ல்ஸ் 'ஆல்டர் ஈகோ'ன்னு ஒரு ரசிகர் இதழ் ஆரம்பிச்சார். நம்ம ஊரு கையெழுத்துப் பத்திரிகை, சைக்ளோஸ்டைல் பத்திரிகை மாதிரின்னு வெச்சுக்குங்க. டிசி கம்பெனி ஆசிரியர் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ், வாசகர் கடிதம் எழுதினவங்களோட முழு விலாசத்தையும் அச்சடிக்க ஆரம்பிச்சார். ஊருக்கு ஒருத்தரா தனியாக் கிடந்த கிறுக்கனெல்லாம் ஒருத்தனை ஒருத்தன் கண்டுபிடிச்சுட்டாங்க!

1965 கோடையில் நியூயார்க்கில் காமிக்ஸ் ரசிகர் மாநாடு. மேடையில பேச வந்தவங்கள்ல ஒருத்தர் பில் ஃபிங்கர். பெய்ல்ஸ் அவர்கிட்ட உட்கார்ந்து பேசினார். ஊருக்குப் போய் அந்தப் பேச்சை ஒரு கட்டுரையா எழுதினார். எல்லாக் கதையிலயும் இந்த 'விரல்' இருக்குன்னு சிலேடையாவே தலைப்பு வெச்சார். பேட்மேன்ல ஃபிங்கரோட பங்கு என்னன்னு முதல் தடவையா விவரமா எழுத்துல வந்தது அப்பதான். ரசிகர்கள் தங்களுக்குள்ளயே சுத்துக்கு விட்ட இதழ் அது. படிச்சவங்க ரொம்பக் கம்மி. விரல் விட்டு எண்ணலாம்னு நானும் சிலேடை விட்டுக்கறேனே :-)

ஆனா அது பாப் கேன் காது வரைக்கும் போச்சு. 1965 செப்டம்பர்லயே அவர் 'பேட்மேனியா'ங்கிற ரசிகர் இதழுக்குக் கோபமா நீளக் கடிதம் எழுதினார். சாராம்சம்: பேட்மேனைப் படைச்சது நான் ஒருத்தன்தான், ஃபிங்கர் மிகைப்படுத்திச் சொல்றார். யோசிச்சுப் பாருங்க. அவ்வளவு பெரிய ஆளு, பில்ஜோ வைட்ங்கிற தீயணைப்பு வீரர் ஓய்வு நேரத்துல நடத்தின பத்திரிகைக்கு உட்கார்ந்து மறுப்பு எழுதறார். எழுதினது எங்கேயோ சுட்டிருக்கு.

1966ல பேட்மேன் டிவி தொடர் அமெரிக்காவையே ஆட்டிப் படைச்சது. அதுல க்ளாக் கிங் வில்லனா வர்ற ரெண்டு பாகத்தை சார்லஸ் சின்க்ளேரும் ஃபிங்கரும் சேர்ந்து எழுதினாங்க. அதுல ஃபிங்கர் பேரு திரையில வந்தது, அந்தக் கதைக்கு எழுத்தாளரா. பேட்மேனை உருவாக்கினவர்ங்கிற இடத்துல அப்பவும் ஒரு பேருதான். 1974 ஜனவரியில், 60 வயசு ஆக சில வாரம் இருக்கும்போது, ஃபிங்கர் போய்ச் சேர்ந்தார். கையில காசும் இல்லை, பேரும் இல்லை. அவருக்குக் கல்லறையும் கிடையாது. மகன் அவரோட சாம்பலை ஒரேகான் கடற்கரை மணல்ல வௌவால் உருவமாத் தூவினாராம். அலை வந்து கொண்டு போச்சு.

1989ல கேன் சுயசரிதை எழுதினப்ப, ஃபிங்கருக்குப் பேரு கொடுத்திருக்கணும்னு வருத்தப்பட்டார். ஆனா கேன் 1998ல சாகுற வரைக்கும் அட்டையில எதுவும் மாறலை. 2005ல, கேன்கிட்ட உதவியாளரா இருந்த ஓவியர் ஜெர்ரி ராபின்சன் முயற்சியில் சான் டியாகோ காமிக்ஸ் மாநாட்டில் பில் ஃபிங்கர் விருது ஆரம்பிச்சாங்க. உரிய மரியாதை கிடைக்காத காமிக்ஸ் எழுத்தாளர்களுக்குன்னே ஒரு விருது! 2007ல கார்ட்னர் ஃபாக்ஸுக்கும் அது போய்ச் சேர்ந்தது, அவர் இறந்த பிறகு.

அப்புறம் மார்க் டைலர் நோபல்மேன். குழந்தைகளுக்கு எழுதறவர். ஃபிங்கருக்கு வாரிசே இல்லைன்னு எல்லாரும் நினைச்சுக்கிட்டு இருந்தப்ப, தேடி அலைஞ்சு பேத்தி அதீனா ஃபிங்கரைக் கண்டுபிடிச்சார். தாத்தா இறந்து 2 வருஷம் கழிச்சுப் பிறந்த பேத்தி. 2012ல நோபல்மேனோட புத்தகம் வந்தது. 2015 செப்டம்பரில் டிசி இறங்கி வந்தது. 2016ல 'பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்' படத்துல ஃபிங்கர் பேரு பெரிய திரையில வந்துச்சு. 2017ல பிராங்ஸில் ஒரு தெருமுனைக்கும் அவர் பேரு வெச்சாங்க.

ஒரு நெருடல் மட்டும் பாக்கி. இப்ப வர்ற வரியைக் கவனிச்சுப் பாருங்க. 'பாப் கேனும் பில் ஃபிங்கரும்' இல்லை. 'பாப் கேன், பில் ஃபிங்கருடன்'. நம்ம இலக்கணத்துல 'உம்'முக்கும் 'உடன்'னுக்கும் எவ்வளவு தூரம்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 'உம்' போட்டா ரெண்டு பேரும் சமம். 'உடன்' போட்டா ஒருத்தர் கல்யாண மாப்பிள்ளை, இன்னொருத்தர் மாப்பிள்ளைத் தோழன். முகமூடியும் அங்கியும் ஊரும் பேரும் கொடுத்தவர் தோழனா? எனக்கு மனசு ஆறலை.

ஆனாலும் இந்தக் கதையில எனக்குப் பிடிச்ச ஆளு பெய்ல்ஸ்தான். பத்துக் காசு வரும்படி இல்லாம, கொஞ்சம் பேரு மட்டுமே படிக்கிற ஒரு பக்கத்துல, ஃபிங்கர் உயிரோட இருக்கும்போதே அவர் வாயால கேட்டு எழுதி வெச்சார் பாருங்க... அது இல்லைன்னா 2015ல சாட்சி சொல்ல ஃபிங்கரும் இல்லை, கேனும் இல்லை. பெய்ல்ஸ் 2006ல போயிட்டார், கிரெடிட் வந்ததைப் பார்க்கலை. நம்ம பதிவையெல்லாம் யாரு படிக்கப் போறான்னு அலுப்பு வர்றப்ப நான் அவரைத்தான் நினைச்சுக்கறேன்.

சரி, ஸ்பைடர். பிரிட்டிஷ் 'லயன்' வார இதழில் 1965ல டெட் கோவன் ஆரம்பிச்ச கதை அது. சீக்கிரமே அதை எழுத வந்தவர் ஜெர்ரி சீகல். ஆமா, சூப்பர்மேனைப் படைச்ச அதே சீகல். அவரும் உரிமையைப் பறிகொடுத்துட்டு, கோர்ட்டு வாசல்ல நின்னவர். 2005ல முதல் பில் ஃபிங்கர் விருது வாங்கின ரெண்டு பேர்ல ஒருத்தர், அதுவும் இறந்து 9 வருஷம் கழிச்சு. சூப்பர்மேனோட அப்பாவைத்தான் சிவகாசிப் பதிப்புல, யாருன்னே தெரியாம, நாம சின்ன வயசுல படிச்சிருக்கோம்.

உங்க அலமாரியில பழைய காமிக்ஸ் கிடந்தா எடுத்துப் பாருங்க. எழுதினவர் பேரு எங்கேயாவது தெரிஞ்சா பின்னூட்டத்துல போடுங்க. அந்தப் பேரு இங்கேயாவது இருக்கட்டும்.