கைமாறிய முதல் பிக்

2023 ஜனவரி 8, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்கக் கால்பந்தின் என்எஃப்எல் தொடரில் லீக் ஆட்டங்கள் முடியும் நாள். இண்டியானாபொலிஸில் ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் அணி 24–31 என்று பின்தங்கியிருந்தது. ஆட்டம் முடிய ஏறக்குறைய ஒரு நிமிடமே இருந்தது. நான்காவதும் கடைசியுமான முயற்சி. கடக்க வேண்டியதோ 20 கெஜம். டேவிஸ் மில்ஸ் பந்தை எறிந்தார், ஜோர்டன் ஏகின்ஸ் எல்லைக்குள் பிடித்தார்; இடைவெளி ஒரே புள்ளியானது. அதன்பின் 1 புள்ளிக்கு உதைத்து ஆட்டத்தைச் சமன் செய்திருக்கலாம். பயிற்சியாளர் லவ்வி ஸ்மித் 2 புள்ளிக்குத் துணிந்தார். அதுவும் கிடைத்தது. 32–31.

கணக்குப் பார்த்தால் அந்த வெற்றி டெக்ஸன்ஸுக்கு நட்டம். தோற்றிருந்தால் 32 அணிகளில் கடைசி இடம் அவர்களுடையது. அடுத்த டிராஃப்டில் முதல் பிக்கும் அவர்களுடையது. வென்றதால் அந்த முதல் பிக், அதே நாளில் மினசோட்டாவிடம் தோற்று 3 வெற்றி, 14 தோல்வியோடு பருவத்தை முடித்த சிகாகோ பேர்ஸ் கைக்குப் போனது. டெக்ஸன்ஸ் நிர்வாகம் அன்றிரவே ஸ்மித்தைப் பதவியிலிருந்து நீக்கியது. அவர் சிகாகோவுக்கு 9 ஆண்டுகள் பயிற்சியாளராக இருந்து, அந்த அணியை ஒரு சூப்பர் பௌல் இறுதியாட்டம்வரை கொண்டுசென்றவர். தன்னை என்றோ அனுப்பிவிட்ட பழைய அணிக்கு அவர் தன்னையறியாமல் கொடுத்துவிட்டுப் போன அந்த முதல் பிக்கின் கதைதான் இது.

ஐபிஎல் ஏலத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு டிராஃப்ட் விசித்திரமாகத் தெரியலாம். இங்கே ஏலம் கேட்பது கிடையாது. கல்லூரி அணிகளில் ஆடிவிட்டு வரும் இளைஞர்களைத் தொழில்முறை அணிகள் வரிசையாக, ஒருவர்பின் ஒருவராக அழைத்துக்கொள்ளும். முந்தைய பருவத்தில் மிக மோசமாக ஆடிய அணி முதலில் அழைக்கும், கோப்பை வென்ற அணி கடைசியில். 7 சுற்றுகள். அழைக்கும் முறைக்குத்தான் பிக் என்று பெயர். அதை வைத்திருக்கலாம், இன்னொரு பிக்குக்கோ ஆட்டக்காரருக்கோ மாற்றலாம். அடுத்த ஆண்டின் பிக்கை இன்றே கொடுக்கவும் செய்யலாம்.

இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவர் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் உரிமையாளர் பெர்ட் பெல். பணக்கார அணிகளே நல்ல ஆட்டக்காரர்களை அள்ளிக்கொண்டு போவதைப் பார்த்து நொந்துபோயிருந்தார் அவர். 1936-இல் நடந்த முதல் டிராஃப்டில் கரும்பலகையில் 90 பெயர்களை எழுதி வைத்துக்கொண்டு 9 அணிகள் உட்கார்ந்தன. முதலில் அழைக்கப்பட்டவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜே பெர்வாங்கர். ஈகிள்ஸ் அவர்மீதான உரிமையை பேர்ஸுக்கு மாற்றிக் கொடுத்தது. சம்பளப் பேச்சு படியவில்லை. பெர்வாங்கர் தொழில்முறைக் கால்பந்தில் ஒரு நாளும் ஆடவில்லை. ஆக, வரலாற்றின் முதல் முதல்பிக்கே கைமாறிய பிக், வீணாய்ப் போன பிக். அது போய்ச் சேர்ந்த இடமும் சிகாகோ.

2023-க்கு வருவோம். பேர்ஸுக்கு முதல் பிக் கிடைத்தது 1947-க்குப் பிறகு அதுவே முதல் தடவை. அந்த ஆண்டு முதலிடத்துக்குப் பேசப்பட்டவர்கள் பெரும்பாலும் குவார்ட்டர்பேக்குகள். பந்தைக் கையில் வாங்கி, எங்கே எறிவது என்று இரண்டு மூன்று விநாடிக்குள் முடிவெடுக்கும் அந்த ஒருவரை நம்பித்தான் அணியே நிற்கிறது. பேர்ஸிடமோ 2021-இல் எடுத்த ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் இருந்தார். பொது மேலாளர் ரயன் போல்ஸ் பிக்கை விற்க முடிவு செய்தார்.

விலை எப்படிப் போடுவது? 1990-களின் தொடக்கத்தில் டாலஸ் கௌபாய்ஸ் அணிக்காக மைக் மெக்காய் ஓர் அட்டவணை போட்டார். பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சனின் பெயரால் அது இன்றும் வழங்குகிறது. அதில் முதல் பிக்குக்கு 3000 புள்ளி, 2-ஆவதுக்கு 2600, 9-ஆவதுக்கு 1350, 61-ஆவதுக்கு 292. பழைய பேரங்களில் அணிகள் என்ன கொடுத்து என்ன வாங்கின என்பதைப் பார்த்துப் போட்ட கணக்கு அது. எடுத்த ஆட்டக்காரர்கள் பிறகு எப்படி ஆடினார்கள் என்பதற்கு அதில் இடமில்லை. சந்தையின் ஆசையை அளந்த அட்டவணையை ஆட்டத்தின் மதிப்பு என்று எடுத்துக்கொண்டதில்தான் பல அணிகள் சறுக்கின என்பது என் எண்ணம்.

மார்ச் 10 அன்று பேரம் முடிந்தது. கரோலினா பேந்தர்ஸ் முதல் பிக்கை வாங்கியது. கொடுத்தவை: அவ்வாண்டின் 9-ஆவது பிக், 61-ஆவது பிக், 2024-இன் முதல் சுற்று பிக், 2025-இன் இரண்டாம் சுற்று பிக். இவற்றோடு டி.ஜே. மூர் என்ற ரிசீவர், அதாவது எறியும் பந்தை ஓடிப் பிடிப்பவர். கரோலினாவிடம் இருந்தவர்களில் சிறந்த ரிசீவர் அவர்தான். டிராஃப்டுக்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது. யாரை அழைக்கப் போகிறோம் என்பதை கரோலினா அப்போது வெளியே சொல்லவில்லை.

அந்த ஏழு வாரமும் எடை போடும் காலம். அலபாமாவின் பிரைஸ் யங், ஒஹாயோ ஸ்டேட்டின் சி.ஜே. ஸ்ட்ராவுட், ஃப்ளோரிடாவின் ஆந்தனி ரிச்சர்ட்சன் என மூன்று பேர், மூன்று விதம். யங், சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹெய்ஸ்மன் விருதை 2021-இல் பெற்றவர். ஆடுகளத்தில் அவருடைய நிதானத்தை எல்லாரும் ஒருவாய்ப்படப் புகழ்ந்தார்கள். ஆனால் உயரம் 5 அடி 10 அங்குலத்துக்குச் சற்றுதான் மேலே. இண்டியானாபொலிஸ் உடற்திறன் முகாமில் எடை 204 பவுண்டு காட்டியது. அந்த எடையோடு அவரால் ஒரு பருவம் முழுக்க ஆட முடியுமா என்று ஆட்டக்காரர்களை எடைபோடும் ஸ்கௌட்டுகள் சந்தேகப்பட்டார்கள். ஆறே கால் அடி உயர முரடர்கள் பாய்ந்து வந்து சாய்க்கும் ஆட்டத்தில் இந்தச் சந்தேகத்தைக் குறை சொல்ல முடியாது. ரிச்சர்ட்சனோ 6 அடி 4 அங்குலம், 244 பவுண்டு. 40 கெஜத்தை 4.43 விநாடியில் ஓடினார். குவார்ட்டர்பேக்குகளில் அப்படியொரு உடலைப் பார்ப்பது அரிது. ஆனால் கல்லூரியில் தொடக்க ஆட்டக்காரராக இறங்கியது 13 ஆட்டங்களில் மட்டும்.

ஸ்ட்ராவுட் இருவருக்கும் இடையில் நின்றார். உயரம் போதும், எறியும் துல்லியம் அபாரம். தன் கடைசிக் கல்லூரி ஆட்டத்தில், நடப்புச் சாம்பியன் ஜார்ஜியாவுக்கு எதிராக 348 கெஜம் எறிந்து, ஒரே ஒரு புள்ளியில் தோற்றார். அந்த ஆட்டத்தின் ஒளிப்பதிவு எல்லா அணிகளிடமும் இருந்தது. இருந்தும், டிராஃப்டுக்குச் சில நாள் முன்பு ஒரு செய்தி கசிந்தது: கணினி முன் உட்காரவைத்து முடிவெடுக்கும் வேகத்தை அளக்கும் ஒரு சோதனையில் அவர் மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றார் என்று. 21 வயது இளைஞன் இரகசியமாக எழுதிய சோதனையைப் பற்றி ஊரே பேசியது. எனக்கு இது இன்றும் கசக்கிறது. மணிக்கணக்கில் அவர் ஆடியதைப் பார்த்த பிறகும் திரையில் ஓடும் புள்ளிகளை நம்புவதா?

ஏப்ரல் 27, கான்சஸ் சிட்டி. கரோலினா யங்கை அழைத்தது. 2-ஆவதாக டெக்ஸன்ஸ் ஸ்ட்ராவுட்டை அழைத்தது. ஜனவரியில் வென்று முதல் இடத்தைக் கோட்டைவிட்ட அதே டெக்ஸன்ஸ். 4-ஆவதாக இண்டியானாபொலிஸுக்கு ரிச்சர்ட்சன்.

முதல் பிக்கின் கதை பெரும்பாலோருக்கு அங்கே முடிந்துவிட்டது. உண்மையில் அதன் துண்டுகள் அப்போதுதான் பயணத்தைத் தொடங்கின. பேர்ஸ் 9-ஆவது பிக்கை ஈகிள்ஸிடம் கொடுத்து, 10-ஆவதையும் 2024-இன் நான்காம் சுற்று பிக் ஒன்றையும் வாங்கியது. 10-இல் டென்னஸீயின் டார்னல் ரைட்டை எடுத்தது. குவார்ட்டர்பேக்கைக் காக்கும் வரிசையில் நிற்பவர். 61-ஆவது பிக் இன்னொரு பிக்கோடு சேர்ந்து ஜாக்சன்வில்லுக்குப் போய் 56-ஆவதாகத் திரும்பி, டைரீக் ஸ்டீவன்சன் என்ற தடுப்பாட்டக்காரரைக் கொண்டுவந்தது. ஈகிள்ஸிடமிருந்து வந்த நான்காம் சுற்று பிக்கில் மறு ஆண்டு டோரி டெய்லர் என்ற ஆஸ்திரேலியர் வந்தார். பந்தைத் தூர உதைப்பதுதான் அவர் வேலை.

பெரிய துண்டு 2024-இன் முதல் சுற்று பிக். அதன் மதிப்பு கரோலினா எவ்வளவு தோற்கிறது என்பதைப் பொறுத்தது. சிகாகோ ரசிகர்கள் அந்தப் பருவம் முழுவதும் இரண்டு அணிகளைப் பின்தொடர்ந்தார்கள். கரோலினா தோற்றுக்கொண்டே போனது. நவம்பர் 9 அன்று சிகாகோவிலேயே இரண்டு அணிகளும் மோதின. பேர்ஸ் 16–13 என்று வென்று தன் கையிலிருந்த கரோலினா பிக்கின் விலையைத் தானே ஏற்றிக்கொண்டது. அந்த மாதமே கரோலினா பயிற்சியாளர் ஃபிராங்க் ரைக் நீக்கப்பட்டார். யங் அந்தப் பருவத்தில் 62 தடவை பந்தோடு சாய்க்கப்பட்டார். அவர் எறிந்ததைப் பிடிக்க முக்கியமாக இருந்தவர் 33 வயது ஆடம் தீலன். மூரோ சிகாகோவில் 96 பந்துகளைப் பிடித்து 1364 கெஜம் எடுத்தார். டிசம்பர் 31 அன்று ஜாக்சன்வில்லில் கரோலினா 0–26 என்று தோற்றபோது அதன் பிக் மறுபடி முதல் பிக்காக உறுதியானது. பருவ முடிவில் 2 வெற்றி, 15 தோல்வி. அந்த இரண்டில் ஒன்று ஸ்ட்ராவுட்டின் டெக்ஸன்ஸுக்கு எதிராக யங் பெற்ற வெற்றி என்பதை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. ஸ்ட்ராவுட் அந்த ஆண்டு 4108 கெஜம் எறிந்து சிறந்த புதுமுக விருதை வாங்கினார்.

ஆக, சிகாகோ விற்ற முதல் பிக் ஓராண்டு கழித்து முதல் பிக்காகவே சிகாகோவுக்குத் திரும்பியது. 2024 ஏப்ரல் 25 அன்று டெட்ராய்ட்டில் பேர்ஸ் அதைக் கொண்டு யூஎஸ்சி பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக் கேலப் வில்லியம்ஸை அழைத்தது. அதற்கு முன்பே ஃபீல்ட்ஸ் பிட்ஸ்பர்குக்கு அனுப்பப்பட்டிருந்தார்.

இங்கே பேர்ஸை மேதைகள் என்று கொண்டாடுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2024-இல் அவர்கள் 5 ஆட்டங்களில்தான் வென்றார்கள். பருவத்தின் நடுவிலேயே பயிற்சியாளரை நீக்கினார்கள். 2-ஆவதாக அழைக்கப்பட்ட ஜேடன் டேனியல்ஸ் வாஷிங்டனை அரையிறுதிக்கு இணையான ஆட்டம்வரை கொண்டுசென்று புதுமுக விருதையும் வாங்கினார். அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகள், முதலில் அழைக்கப்பட்டவரைவிட இரண்டாமவர் தொடக்கத்திலேயே பிரகாசித்தார். கேட் மேஸி, ரிச்சர்ட் தேலர் ஆகிய இரு பொருளியலாளர்களும் பல ஆண்டு டிராஃப்டுகளை ஆராய்ந்து இதைத்தான் சொன்னார்கள்: ஒரு நிலையில் முதலில் அழைக்கப்படுபவர், அதே நிலையில் அடுத்து அழைக்கப்படுபவரைவிட மேலாக ஆடும் வாய்ப்பு சுமார் 52 சதவீதம். நாணயம் சுண்டுவதைவிட ஒரு மயிரிழை மேல். தேலர் பிறகு பொருளியல் நோபல் பெற்றார். மேலாளர்கள் அவருடைய கட்டுரையைப் படித்தார்களா என்பதை அவர்கள் செய்யும் பேரங்கள் சொல்லும்.

யங்கைத் தேர்ந்தெடுத்ததற்காக கரோலினாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற என் மனம் ஒப்பவில்லை. யங்கா ஸ்ட்ராவுட்டா என்பதில் பல அணிகள் யங்கையே முதலில் வைத்திருந்தன. 2024-இன் தொடக்கத்தில் இரண்டே ஆட்டத்தில் ஓரம்கட்டப்பட்ட அந்த இளைஞர், மீண்டும் இறங்கிய பிறகு நிமிர்ந்தே ஆடினார். பருவத்தின் கடைசி ஆட்டத்தில் அட்லாண்டாவைக் கூடுதல் நேரத்தில் 44–38 என்று வீழ்த்தினார். சிக்கல், அவரை வாங்கக் கொடுத்த விலையில் இருந்தது. உடல் சிறுத்த ஓர் இளைஞனை எடுப்பதாக இருந்தால் அவனைக் காக்கும் வரிசையும், அவன் எறிவதைப் பிடிக்கும் கைகளும் மற்ற யாரைவிடவும் அவனுக்கு அதிகம் தேவை. கரோலினா அவனை வாங்கக் கொடுத்தது அந்தக் கைகளையும், அடுத்த கைகளை வாங்கப் பயன்பட்டிருக்கக்கூடிய பிக்குகளையும்தான்.

கடைசித் துண்டு செலவானது 2025 ஏப்ரல் 25 அன்று, கிரீன் பேயில். கரோலினாவிடமிருந்து வந்த இரண்டாம் சுற்று பிக், 39-ஆவது. பேர்ஸ் அதில் மிசூரியின் லூதர் பர்டனை எடுத்தது. பர்டன் ஒரு ரிசீவர். கேலப் வில்லியம்ஸ் எறிவதைப் பிடிக்க எடுக்கப்பட்டவர். யங் எறிவதைப் பிடித்திருக்கக்கூடிய டி.ஜே. மூரைக் கொடுத்ததுதான் அந்தப் பேரத்தில் கரோலினா செய்த பெரிய பிழை.