மனைவிக்கென வைத்த பங்கு



1882இல் ஓவல் மைதானத்தில் ஆஸ்திரேலியாவிடம் இங்கிலாந்து 7 ஓட்டங்களில் தோற்றதை, கிரிக்கெட்டில் பிரியமுள்ள நம் வாலிபர்கள் அறிந்திருப்பார்கள். ஆஷஸ் என்ற பெயர் பிறக்கக் காரணமான அந்த ஆட்டத்தில் ஆடியவர் சி. டி. ஸ்டட். 1885இல் விளையாட்டின் புகழை விட்டு, நற்செய்தி ஊழியராகச் சீனாவுக்குக் கப்பலேறினார். (1900 முதல் நம் ஊட்டியில் ஆறாண்டுகள் போதகராயிருந்தவரும் இவரே.)

சீனாவிலிருந்தபோது தகப்பனாரின் ஆஸ்தி அவர் கைக்கு வந்தது. அதை மூடி, ஜார்ஜ் முல்லர் போன்றோரின் ஊழியங்களுக்குப் பகிர்ந்தளித்தார். 3,400 பவுண்டு மாத்திரம் மீந்தது. அதைத் தமக்கென்று வைக்கவில்லை. தாம் மணக்கவிருந்த பிரிசில்லாவுக்கென்று வைத்தார். இதில் யார் குறை காண்பார்? நானும் அப்படியே செய்திருப்பேன்.

பிரிசில்லாவோ, ஐசுவரியவானாகிய வாலிபனிடம் ஆண்டவர் எவ்வளவு கேட்டார் என்று வினவினார். அந்தப் பணமும் இரட்சணிய சேனைக்குச் சென்றது.

ஆனால், ஒன்றை உங்களிடம் மறைக்கலாகாது. 1916இல் மீண்டும் காங்கோவுக்குச் சென்ற ஸ்டட், இங்கிலாந்துக்குத் திரும்பவேயில்லை. பிரிசில்லா அங்கிருந்தபடியே ஊழியத்தைத் தாங்கினார். 1928இல் ஒருமுறை காங்கோ சென்று, சுமார் இரண்டு வாரம் கணவரோடிருந்தார். மறு ஆண்டு மரித்தார். பணத்தைக் கொடுத்ததை நான் தயக்கமின்றிப் புகழ்வேன். இந்தப் பிரிவைப்பற்றிப் பிரசங்கிக்க எனக்கு இன்னும் நாவெழவில்லை.